தயாரித்தவர்: ஜின்ஸ்

இன்று காலை பல்கனிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். மழைக்காலம் வந்தால் அது கத்தத் தொடங்கிவிடும். மேல்வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை படியில் மறித்துச் சொல்லிவிட்டார். சின்னப் போத்தலின் மூக்கை வெட்டியதுதான் தாமதம், அந்த மணம் வந்தது. கதவும் மறந்துபோனது, மேல்வீட்டுக்காரரும் மறந்துபோனார். மலைமேல் இருக்கும் வேட்டை அருங்காட்சியகத்தின் பின்னறையும், நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு முழங்கை வரை எண்ணெய் பூசியிருந்த நீரும்தான் கண்ணுக்குள் நின்றீர்கள். துடைத்த கையோடு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். தாளில் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

உம்மை நான் அக்கா என்று கூப்பிட்டது முதல் நாள் மட்டுந்தான். இங்கே ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஒரு துப்புரவுக் கம்பனி நம் இருவரையும் ஒரே நாளில் வேலைக்கு எடுத்தது. விடிய ஐந்தரைப் பேருந்தில் மலையேறும்போது, நீங்கள் எந்த ஊர் அக்கா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். நீர் என் வேலை அட்டையை வாங்கிப் பிறந்த வருடத்தைப் பார்த்தீர். "ரெண்டு வயசுக்கெல்லாம் எனக்கு அக்காப் பட்டம் வேண்டாம். நீர் எண்டே கதையும்" என்றீர். அதன்பிறகு பதினொரு வருடம் நீரும் நீருமாகவே போய்விட்டது.

உம்மோடு வேலை செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. எதைத் துடைக்கக் கொடுத்தாலும் முதலில் அதை வாசிப்பீர். சவர்க்காரப் போத்தலின் பின்பக்கம், தீயணைக்கும் கருவியில் ஒட்டியிருக்கும் விதிமுறைகள், பாடம் செய்து வைத்த நரியின் காலடியில் இருக்கும் விபரம், எதையும் விடமாட்டீர். நீர் வாசித்து முடிக்கும் முன் துடைத்த இடத்தில் புதுத் தூசி படிந்துவிடும் என்று நான் பகிடி பண்ணுவேன். அப்போதும் தலையை நிமிர்த்தாமல் "ஓம்" என்பீர்.

நீர் வடமராட்சியில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர் என்பது எனக்கு மூன்றாம் வருடத்தில்தான் தெரியவந்தது. அதுவும் உம்முடைய வீட்டுக்கு வந்தபோது, உம்முடைய மகன் வாய் தவறிச் சொன்னது. இங்கே வந்த புதிதில் உம்முடைய சான்றிதழை ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு அன்ட்ராக் எழுதி விண்ணப்பித்தீராம். ஏலாது என்று பதில் வந்ததாம். அந்தக் கடிதத்தைத் தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கீழே வைத்து வைத்தே எழுத்தெல்லாம் அழித்துவிட்டீர். அதோடு ஆங்கிலத்தையும் வாய்க்குள் பூட்டிவிட்டீர். வேலைத்தலத்தில் நீர் ஒரு ஆங்கிலச் சொல் பேசி நான் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, துடைக்க வந்த இடத்தில் பழைய பதவியைச் சொல்லித் திரிவது வெட்கக்கேடு என்றீர். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நான் எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு பிழைக்கிற கட்சி.

வருடத்தில் இரண்டு தடவை அந்தப் பின்னறை இரும்புகளுக்கு எண்ணெய் பூசுவோம். பொறுப்பாளர் ஃபிராவ் க்ளாசன் கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து தந்துவிட்டு, தன் பச்சை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் நம்மைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நரிக்கு வைத்தது, கீரிக்கு வைத்தது என்று எத்தனையோ பொறிகள். அவற்றில் ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. இரண்டு தாடையிலும் இரும்புப் பல், நடுவில் மிதித்தால் படாரென்று மூடும் தட்டு. இப்போது இரண்டு நாட்டிலும் அதைத் தடை செய்துவிட்டார்கள். அது வந்த மரப்பெட்டியின் மூடியும் பக்கத்தில் இருந்தது. மூடியில் கறுப்பு மையில் நான்கு எழுத்து: ஜீ, ஐ, என், எஸ். கீழே அருங்காட்சியகத்தின் விபரச் சீட்டு: "கால்பொறி, இங்கிலாந்து. தயாரித்தவர்: ஜின்ஸ்."

நீர் வாசித்தீர். மறுபடி வாசித்தீர். பிறகு எண்ணெய்த் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தீர். ஃபிராவ் க்ளாசன் என்னவென்று கேட்க, துணியின் மணம் தும்மல் வரவைத்துவிட்டது என்று நான்தான் சமாளித்தேன்.

வாளி வைக்கும் அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உமக்குப் பேச்சு வந்தது. "உது செய்தவன்ரை பேரில்லை. ஜின் எண்டாலே பொறிதான். பெட்டிக்குள்ளை பொறிகள் இருக்கு எண்டு எழுதியிருக்கிறான். சட்டிக்குக் கீழை 'தயாரித்தவர்: சட்டி' எண்டு ஒட்டி வைச்ச மாதிரி இருக்கு" என்றீர். நானும் சிரித்தேன். அன்று எட்டு மணிப் பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் நின்று நீர் நடத்திய வகுப்பை நான் மறக்கவே மாட்டேன்.

பிரெஞ்சு பேசும் ராசாக்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் எஞ்ஞின் என்றொரு சொல் வந்து இறங்கியதாம். அதற்கும் முன்னால் லத்தீனில் அதன் தாய்ச்சொல், கூடப் பிறந்த புத்தி என்ற பொருளில் இருந்ததாம். புத்தி தந்திரமாகி, தந்திரம் தந்திரமாகச் செய்த கருவியாகி, கடைசியில் முயல் பிடிக்கிற கருவியில் வந்து நின்றது. வயலில் நிற்கிற சனத்துக்கு முழுச் சொல்லையும் சொல்ல நேரம் எங்கே என்றீர். முன்பாதியைத் தின்றுவிட்டு ஜின் என்று மட்டும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எழுதும்போதும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. சிலர் நடுவில் 'வை' எழுத்தைப் போட்டார்கள், சிலர் 'என்' எழுத்தை இரண்டு தடவை போட்டு வாலில் ஒரு 'ஈ' எழுத்தும் வைத்தார்கள். அந்தக் காலத்தில் பிழை திருத்த உம்மைப் போல் ஒரு ரீச்சர் இருக்கவில்லையாக்கும் என்றேன். இருந்திருந்தால் எல்லோருக்கும் முழங்காலில் நிற்கத் தண்டனை கொடுத்திருப்பேன் என்றீர். அப்படியானால் குடிக்கிற ஜின்னும் இதுவா என்று கேட்டேன். அது ஏதோ ஒரு காட்டுக் காயின் பெயரிலிருந்து வந்த வேறு சொல், இதற்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை என்றீர்.

பேருந்து வந்தும் நீர் ஏறவில்லை. படியில் ஒரு கால், நிலத்தில் ஒரு கால். சாரதி பார்த்துக்கொண்டிருக்கிறான். "உம்மடை மகள் படிக்கப் போற எஞ்ஞினியரிங்கும் அந்த இரும்புப் பல்லும் ஒரே வயித்திலை பிறந்தது, விளங்குதோ? எங்கடை ஆக்களும் அப்பிடித்தானே, எலிப்பொறி எண்டும் பொறியியல் எண்டும்" என்று சொன்னபோது உம்முடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். எங்கேயோ இருந்த இரண்டு சனம் ஒருவரையொருவர் கேளாமல் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் என்பதில் உமக்கு அப்படி ஒரு புளுகம். நான் உம்மைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

அந்தச் சந்தோசத்தில் தண்ணீர் ஊற்றியவளும் நான்தான். நகரத்தோடு கூட்டு வைத்திருக்கும் ஒரு இங்கிலாந்து ஊரிலிருந்து மே மாதம் விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவர்கள் அந்தச் சீட்டை வாசித்துச் சிரிப்பார்களே, ஃபிராவ் க்ளாசனிடம் சொல்லிவிடுவோமா என்று கேட்டீர். எங்களுக்கேன் வம்பு என்றேன். வேலைத்தலத்தில் வாடிக்கையாளரோடு துப்புரவைத் தவிர வேறு கதை வைக்கக்கூடாது என்பது கம்பனியின் கட்டளை. முன்பு ஒருத்தி ஏதோ அபிப்பிராயம் சொன்னதற்காக அடுத்த கிழமையே வேறு இடத்துக்கு மாற்றப்பட்டாள். உம்மை அப்படி மாற்றினால் நான் யாரோடு மலையேறுவது? அதற்குத்தான் உண்மையில் பயந்தேன். ஆனால் அதைச் சொல்லாமல், பேசாமல் இரும் என்று மட்டும் சொன்னேன். நீர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்.

பிறகு மகளை டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குக் குடியேற்ற நான் ஒரு கிழமை லீவு எடுத்தேன். நம்முடைய கொப்பி ஞாபகம் இருக்கிறதுதானே? வாளி அறையில் கயிற்றில் தொங்கும். முன்பக்கங்களில் திகதி, நேரம், கையெழுத்து, என்ன தீர்ந்துபோயிற்று என்று ஜெர்மனில் எழுதவேண்டும். பின்பக்கங்கள் நம்முடைய ராச்சியம். ஒருவர் லீவில் நின்றால் மற்றவர் தமிழில் எல்லாம் எழுதி வைப்பார்: யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், மரவள்ளிக்கிழங்கு எந்தக் கடையில் மலிவு, நேற்று யார் யாரோடு கோபம். அந்தக் கிழமை பின்பக்கங்கள் முடிந்துவிட்டன. நீர் என்ன செய்தீர்? கை துடைக்கும் தாள் முடிந்துவிட்டது என்று ஃபிராவ் க்ளாசன் எழுதியிருந்ததற்கு நேர் கீழே, முன்பக்கத்திலேயே, எனக்கு முழு வரலாற்றையும் எழுதிவிட்டீர். தமிழ் எழுத்து நெருக்கி நெருக்கி, நடுவில் அந்தச் சொல்லின் பழைய எழுத்துக்கூட்டல் எல்லாம் ஆங்கிலத்தில், அம்புக்குறிகள், போதாததற்குப் பல்லோடு சேர்த்துப் பொறியின் படம்.

தாள் வந்து சேர்ந்ததா என்று பார்க்கக் கொப்பியைத் திறந்த ஃபிராவ் க்ளாசனுக்கு எப்படி இருந்திருக்கும்? வாசிக்க முடியாத எழுத்து, அம்புக்குறி, தன் காட்சிப்பொருளின் படம். களவுக்குத் திட்டம் போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். இதைப் பிறகு அவரே எங்களுக்குச் சொன்னார். பக்கத்தைப் படம் பிடித்துக் கம்பனிக்கு அனுப்பிவிட்டார். நான் டார்ம்ஸ்டாட்டில் மகளின் அலுமாரிப் பலகைகளைப் பொருத்திக்கொண்டு நிற்க, மேற்பார்வையாளரின் செய்தி வந்தது: திங்கள் பத்து மணிக்குச் சந்திக்க டெர்மின், இருவரும் வரவேண்டும்.

அந்தத் திங்கள் நீர் கடலை வடை சுட்டுக்கொண்டு வந்தீர். வேலை போனாலும் பசியோடு போகக்கூடாது என்றீர். ஃபிராவ் க்ளாசனின் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரை. மேற்பார்வையாளர் சுவரோடு நின்றார். கொப்பி மேசையில் விரித்துக் கிடந்தது. உம்மைவிட என் ஜெர்மன் கொஞ்சம் நல்லது என்பதால் வாசித்து மொழிபெயர்க்கச் சொன்னது என்னை.

வாசித்தேன். பிரெஞ்சு ராசாக்கள் வந்தார்கள், முயல் வந்தது, சட்டி வந்தது. "பச்சைக் கண்ணாடி அம்மா பாவம், பொருளின்ரை பேரை ஆளின்ரை பேர் எண்டு நினைச்சிட்டா, ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை" என்ற வரி வந்தது. தாண்டிப் போனேன். ஃபிராவ் க்ளாசன் விரலை அந்த வரியில் வைத்து, இங்கே என்ன என்று கேட்டார். வடைச் சமையல் குறிப்பு என்றேன். உம்முடைய கைப்பையிலிருந்து வந்த வாசம் எனக்குச் சாட்சி சொன்னது.

அவர் விரலை எடுத்தார். இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று என்னிடம்தான் கேட்டார். இணையத்தில் பார்த்திருப்பார் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்படிச் சொன்னால் கதை அதோடு முடியும், வேலையும் தப்பும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நீர் என் முழங்காலில் கையை வைத்தீர். பிறகு நேரே அவரைப் பார்த்து, ஆங்கிலத்தில், "நான் இந்த மொழியைப் பதினாறு வருடம் படிப்பித்தவள், அம்மா" என்றீர்.

நான் உம்மைத் திரும்பிப் பார்த்தேன். அது வேறு குரல். வாளி அறைக் குரல் இல்லை. வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவளுக்கும் கேட்கிற குரல். சொல் எங்கிருந்து வந்தது, எப்படித் தேய்ந்தது, எத்தனை விதமாக எழுதினார்கள் என்று அவசரப்படாமல் சொன்னீர். ஃபிராவ் க்ளாசன் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். நீர் அவர் எழுதியதை எட்டிப் பார்த்து, ஒரு இடத்தில் எழுத்து விட்டுப்போயிற்று என்று விரலால் காட்டினீர். அவர் திருத்தினார். சட்டிக் கதையை நீரே ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னபோது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மேற்பார்வையாளர் மட்டும் அப்படியானால் இது குடிக்கிற ஜின் இல்லையா என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒரேயடியாக இல்லை என்றோம். பிறகு வடை எல்லோருக்கும் போதவில்லை.

மே மாதம் விருந்தாளிகள் வந்தபோது அவர்களுக்கு அந்தப் பொறியைப் பற்றிச் சொன்னது நீர். நீலச் சேலை, மேலே குளிருக்குப் பின்னல் சட்டை, காலில் வேலைச் சப்பாத்து. முடிந்தவுடன் நிலம் துடைக்கவேண்டுமே என்று சப்பாத்தை மாற்றவில்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நீர் அவர்களையே எழுத்துக்கூட்டச் சொன்னீர். தடியூன்றிய ஒரு கிழவர் முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் பதில் சொல்ல, "உம்முடைய முறை வரும்போது சொல்லலாம், இரும்" என்று அவரைக் கதிரையில் இருத்தினீர். அவர் அடங்கி இருந்தார். அவர்கள் போனபின் அறை முழுக்கச் சேற்றுக் கால்தடம். நீர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தீர். "பாரும், வகுப்பு விட்டா இப்பிடித்தான் ஊத்தை இருக்கும்" என்று சொல்லிச் சொல்லித் துடைத்தீர். அன்று முழுக்க நான் உம்மைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் யாரோடும் நிலம் துடைத்ததில்லை.

நீர் கண்ணை மூடி, வருகிற கார்த்திகையோடு ஒரு வருடம். ஆஸ்பத்திரியிலும் மருந்துப் பெட்டியை வாசித்துவிட்டுத்தான் மருந்து குடித்தீராம். உம்முடைய மகன் மரண அறிவித்தல் எழுதி என்னிடம் காட்டினான். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், முன்னாள் ஆங்கில ஆசிரியை, அவ்வளவுதான். பதினொரு வருடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சரியோ அன்ரி என்று கேட்டான். எனக்குச் சரியில்லை. ஆனால் அழுது வீங்கிய முகத்தோடு நிற்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது? ஓம் என்றேன். பழைய புத்தி, வாய் தானாக மூடிக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகு, உம்மை நானே கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

இந்த மே மாதம் அந்த விருந்தாளிகள் மறுபடி வந்தார்கள். உம்முடைய ஜின் கதையைச் சொல்ல வரமுடியுமா என்று ஃபிராவ் க்ளாசன் தொலைபேசியில் கேட்டார். ஏலாது என்றேன். என் ஆங்கிலம் உமக்குத் தெரியும்தானே. ஜெர்மனில் சொல்லும், நான் மொழிபெயர்க்கிறேன் என்றார். போனேன். பிரெஞ்சு ராசாக்களில் ஒருவரை மறந்துபோனேன் போல, பரவாயில்லை. சட்டிக்கு எல்லோரும் சிரித்தார்கள். முடிந்ததும் ஒரு அம்மா, அந்த ஆசிரியை இங்கே எந்தப் பாடசாலையில் படிப்பித்தவர் என்று கேட்டார். ஃபிராவ் க்ளாசன் என்னைப் பார்த்தார். நான் விரும்புகிற பதிலைச் சொல்ல அவர் ஆயத்தமாகத்தான் நின்றார்.

நான் சொன்னேன்: பாடசாலையில் இல்லை. அவர் என் கொலேகின், என்னோடு கூட வேலை செய்தவர். நீங்கள் நிற்கிற இந்த நிலத்தை நாங்கள் இரண்டு பேரும் பதினொரு வருடம் துடைத்தோம். துடைத்துக்கொண்டே எனக்குப் படிப்பித்தவர். ஃபிராவ் க்ளாசன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அந்த அம்மா குனிந்து நிலத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறோம்.

நீர் விட்டுப்போனதில் என் கையில் மிஞ்சியது இந்த வாய்தான். இப்போது அது நேரத்துக்குத் திறக்கிறது, சிலவேளை நேரம் கெட்டும் திறக்கிறது. மேல்வீட்டுக்காரரிடம் கேட்டால் சொல்வார். போன கிழமை உம்முடைய மகன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு எழுதியதைக் கொண்டுவந்து காட்டினான். மறுபடியும் அதே வரி. இந்தத் தடவை நான் ஓம் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்ததையும் போடச் சொன்னேன். அவன் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டான். கோபமில்லை, யோசனை. பிறகு, போடலாம் அன்ரி, ஆனால் எதை முதலில் போடுவது, எதைக் கீழே போடுவது என்று கேட்டான்.

"மேலை கீழை ஒண்டும் வேண்டாம், ராசா" என்றேன். "ஒரே வரியிலை போடும். அம்மா ரெண்டையும் ஒரே நேரத்திலைதான் செய்தவ."